முகில்களுக்குப் பெயரிட்ட லூக் ஹவார்டு

நாழிகைக்கு நாழிகை உருமாறிச் செல்லும் முகில்களையும், விலங்குகளையும் செடிகொடிகளையும் போல இனம் பிரித்துப் பெயரிடலாகும் என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அறிஞர் பெரும்பாலோர் கருதினாரல்லர். நம் நிகண்டுகள் கொண்டல், எழிலி, மஞ்சு எனப் பல பெயர்களை அடுக்குகின்றன. எனினும் அவை ஒருபொருட் பன்மொழியேயன்றி, இன்ன வடிவினதற்கு இன்ன பெயர் என்னும் வரையறை உடையன அல்ல. அவ்வரையறையை உலகிற்கு அளித்தவர் பல்கலைக்கழகத்திற் பயின்றறியாத மருந்து வணிகர் ஒருவர். அவர்தம் வரலாற்றையே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

லூக் ஹவார்டு 1772-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் இராபர்ட் ஹவார்டு தகரத் தொழில் நடத்திச் செல்வம் ஈட்டியவர். குவேக்கர் என வழங்கும் நண்பர் சபையினர். அந்நாளில் ஆங்கிலத் திருச்சபையைச் சாராதார்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜு ஆகிய இடங்களிற் பட்டம் பெறும் உரிமை இல்லை. சிறுவர் பர்போர்டு என்னும் ஊரிலிருந்த குவேக்கர் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஆங்கு இலத்தீன் இலக்கணமே மிகையாகப் புகட்டப்பட்டதென்றும், ஏனைய கல்வி சிறிதே கிட்டிற்றென்றும் அவர் பிற்காலத்திற் குறைபட்டதுண்டு. அவ்விலத்தீனே அவர் பெயரை நிலைநாட்டப் போகின்றதென அன்று யார் கண்டார்!

அவர்க்குப் பத்து வயது நடந்த 1783-ஆம் ஆண்டில், ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை கக்கிய புகைமூட்டம் ஐரோப்பாவிற் பரந்து கதிரவனை மங்கச் செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் பெரியதோர் எரிமீன் இங்கிலாந்தின் வானைக் கடந்து சென்றது. வானை நோக்கும் வழக்கம் அவருள்ளத்தில் வேரூன்றியமைக்கு இவையும் காரணமாதல் கூடும்.

கல்வி முடிந்தபின் ஸ்டாக்போர்டு நகரத்து மருந்து வணிகர் ஒருவரிடம் தொழில் பயின்றார். பின்னர் வில்லியம் அல்லன் என்னும் குவேக்கரோடு கூட்டுச் சேர்ந்து, பிளேஸ்டோவிலிருந்த இரசாயனத் தொழிற்சாலையை நடத்தினார். (இக்குடும்பத்தார் பிற்காலத்திற் கொயினா மருந்து செய்வதிற் பேர் பெற்றனர். இவர்தம் மைந்தர் ஜான் எலியட் ஹவார்டு, நம் நீலகிரியில் வளர்ந்த சிங்கோனா மரப்பட்டைகளை ஆராய்ந்து நூல் எழுதினார்.)

அல்லன் முதலிய இளைஞர் சிலர் ஆஸ்கீசியன் சங்கம் என ஒன்று நிறுவியிருந்தனர். முறை வந்தும் கட்டுரை படியாதவர் தண்டங் கட்டவேண்டும் என்பது அதன் விதி. தண்டத்திற்கு அஞ்சியோ அன்றோ, 1802 டிசம்பரில் ஹவார்டு தம் முறைக்கு முகில்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். அது மறு ஆண்டில் அச்சேறிற்று.

அதன்கட் கண்ட அடிப்படை வடிவங்கள் மூன்றே: மயிர்போல் நீண்ட கீற்றுமுகிலாகிய சிர்ரஸ், தட்டையான அடியினின்று குவிந்தெழும் திரள்முகிலாகிய குமுலஸ், விரித்த பாய்போற் படியும் படைமுகிலாகிய ஸ்ட்ராடஸ். மழை பொழிவதற்கு நிம்பஸ் என்று பெயர். ஒன்று மற்றொன்றாய் மாறுங்காலத்து இரு பெயரையும் இணைத்துச் சிர்ரோஸ்ட்ராடஸ், சிர்ரோகுமுலஸ் என வழங்கினார். இவ்விணைப்பே அவர்தம் அருஞ்செயல் என்போம். முகில் மாறுவது; ஆதலின் அதன் பெயரும் மாற்றத்திற்கு இடந்தருதல் வேண்டும் என்பதனை அவர் கண்டார். அதே 1802-இல் பிரெஞ்சுப் பேரறிஞர் லமார்க்கும் முகில்களை வகைப்படுத்தினார். அவர் இட்ட பிரெஞ்சுப் பெயர்கள் நிலைபெற்றில. பள்ளியில் வெறுத்த இலத்தீனோ எந்நாட்டார்க்கும் பொதுவாயிற்று.

வடிவங்கள் இங்ஙனம் வேறுபடுதற்குக் காரணம் என்னை? வெப்பமுற்ற காற்று மேலெழுங்கால் விரிந்து குளிர்கின்றது. நீராவி செறிந்து துளியாகாத வரையில், 1 கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 10 செல்சியஸ் பாகை வெப்பம் குறையும். ஒரு குறித்த உயரத்தில் அதன் நீராவி நுண்டூசுகளைப் பற்றித் துளியாகின்றது. அவ்வுயரமே திரள்முகிலின் தட்டையான அடி. அகன்றதொரு காற்றுப்பரப்பு மெல்ல எழின் படைமுகில் உண்டாம். மிக்க உயரத்திற் பனித்துகள்களாலாய கீற்றுமுகில் தோன்றும். ஹவார்டு தம் நண்பர் டால்டனின் நீராவிக் கொள்கையைத் துணைக்கொண்டு இவற்றை விளக்க முயன்றார்.

ஆங்கிலநாட்டுக் குளிர்காலத்தில் இவ்வறிவின் பயன் கண்கூடு. மேற்றிசையிற் கீற்றுமுகில் தோன்றி, வரவரத் திரைபோற் பரந்து, திங்களைச் சூழ ஊர்கோள் எனப்படும் ஒளிவட்டம் காணப்படின், பெரும்பாலும் ஒரு நாளைக்குள் மழையோ வெண்பனியோ வரும். காற்றின்றித் தெளிந்த இரவாயின் நிலம் வெப்பத்தை விடுத்து உறைபனி படியும். பள்ளத்தாக்குகளில் மூடுபனி தங்கும். படைமுகில் போர்த்திய இரவிலோ அத்துணைக் குளிர் இராது.

1806 முதல் ஹவார்டு நாடோறும் வெப்பமும் காற்றும் மழையும் குறித்துவந்தார். அதன் பயனாக 1818-இலும் 1820-இலும் இலண்டனின் தட்பவெப்பம் பற்றிய நூல் இரு பகுதிகளாக வெளிவந்தது. நகரத்தின் இரவு நாட்டுப்புறத்து இரவினும் 3.7 பாரன்ஹீட் பாகை வெப்பம் மிக்கது என்றும், குளிர்கால அடுப்புகளின் தீ அதற்கு ஒரு காரணம் என்றும் அதிற் காட்டினார். நகரங்கள் வெப்பத்தீவுகளாதலைப் பற்றிய இற்றை ஆராய்ச்சிக்கு இதுவே முதல் வித்து.

ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே இவர்மேற் பாடல் இயற்றி, இவர்தம் வாழ்க்கைக் குறிப்பை வேண்டினார். அவ்வேண்டுகோளை ஏமாற்றென்றே ஹவார்டு முதலில் ஐயுற்றனராம். 1821-இல் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. நெப்போலியன் போர்களால் நலிந்த ஜெர்மானிய மக்களுக்கு உதவி திரட்டுவதிலும் அவர் அயராது உழைத்தார்.

எனினும் ஒன்று கூறாது விடுதல் நேர்மையன்று. பருவங்கள் திங்களின் இயக்கத்தையொட்டி 18 ஆண்டுக்கு ஒருமுறை மீள்கின்றன என்று முதுமையில் நம்பி, 1842-இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். அக்கொள்கை நிலைபெற்றிலது. கண்ணெதிர்ப்பட்ட முகிலை அத்துணைச் செவ்வனே அறிந்தவர்க்கு வருங்காலத்துக் குளிர் அகப்படவில்லை. வானிலையை முன்னுரைக்கப் பலவூர்ச் செய்திகளும் ஒருங்கே ஓரிடத்து வந்து சேரல் வேண்டும். அது தந்தி வந்தபின்னரே இயன்றது. அம்முறையில் கப்பற்படைத் தலைவர் பிட்ஸ்ராய் வகுத்த முன்னறிவிப்புகள் 1861 ஆகஸ்டில் இலண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளிவரத் தொடங்கியபோது, ஹவார்டு 88 வயதினராய் டாட்டன்ஹாமில் வாழ்ந்திருந்தார். 1864 மார்ச்சு 21-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். 1896-இல் வெளிவந்த அனைத்துலக முகிற்படநூல் அவர் வகுத்த முறையையே அடியாகக் கொண்டு முகில்களைப் பத்து இனமாகப் பகுத்தது.