படிக்கத் தெரியாதவர், ஓர் இனத்துக்கே எழுத்து தந்தார்! யார் இந்த செக்வோயா?

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி, 1809-ம் ஆண்டு வாக்கில். வெள்ளி வேலை செய்யும் செரோக்கி பழங்குடி ஆசாரி ஒருவர், தொழிலை விட்டுவிட்டு சதா எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். பைத்தியம் பிடிச்சிருச்சு என்றார்கள் சிலர். சூனியம் என்றார்கள் வேறு சிலர். எழுதி வைத்ததையெல்லாம் மனைவியே தீயில் போட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அந்த ஆசாரிதான் செக்வோயா.

எப்படி வந்தது யோசனை?

1770-களில் இன்றைய டென்னசி மாநிலத்தில் பிறந்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால், வெள்ளையர்கள் ஒரு தாளைப் பார்த்தே தூரத்தில் இருப்பவரின் சேதியைத் தெரிந்துகொள்வதைக் கவனித்தார். அது மாயமில்லை, பழகினால் யாருக்கும் வரும் என்று அவருக்குப் பட்டது.

முதலில் ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்று ஆரம்பித்தார். குறிகள் பெருகிக்கொண்டே போனதால் அது வேலைக்கு ஆகவில்லை. பிறகு சொற்களை அசைகளாகப் பிரித்தார். நம்முடைய க, கி, கு போல ஒவ்வோர் அசைக்கும் ஒரு குறி. மொத்தம் 86, பின்னாளில் 85 ஆனது. 1821-ல் தன் சின்ன மகள் அயோகாவை வைத்து ஊர்ப் பெரியவர்களிடம் நிரூபித்துக் காட்டினார். அதன் பிறகு எழுத்து மளமளவெனப் பரவியது. 1825-ல் செரோக்கி தேசம் அதை ஏற்றது. 1827-ல் எழுதப்பட்ட அரசியல் சட்டம் வந்தது. 1828-ல் 'செரோக்கி பீனிக்ஸ்' செய்தித்தாள் இரு மொழிகளில் வெளியானது.

ஆனாலும் ஏன் விரட்டப்பட்டார்கள்?

வெள்ளையர்களைப் போல 'நாகரிகம்' அடைந்தால் நிலம் தங்கும் என்று செரோக்கி மக்கள் நம்பினார்கள். ஆனால், பருத்தி பயிரிட நிலம் வேண்டும் என்று குடியேறிகள் நெருக்கினார்கள். ஜார்ஜியாவில் தங்கமும் கிடைத்தது. 1830-ல் பழங்குடிகளை மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன். 1813-14 போரில் இதே ஜாக்சன் படையோடு சேர்ந்து சண்டை போட்டவர்களில் செக்வோயாவும் ஒருவர்!

1832-ல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகள் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் பயனில்லை. 1838-ல் ராணுவம் வீடு வீடாக வந்தது. சுமார் 16,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். முகாம்களிலும் வழியிலும் குளிர், நோய், பட்டினியால் சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலான கணிப்பு. 'கண்ணீர்ப் பாதை' என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

செக்வோயா என்ன ஆனார்?

அவர் முன்பே மேற்கே ஆர்கன்சாவுக்குப் போயிருந்தார். அங்கும் நிம்மதி கிடைக்கவில்லை. 1828-ல் அந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் இருந்தார். பிறகு இன்றைய ஓக்லஹோமாவில் வீடு கட்டிக் குடியேறினார். விரட்டப்பட்டு வந்தவர்களுக்கும் முன்பே குடியேறியவர்களுக்கும் 1839-ல் சண்டை மூண்டபோது, இரு தரப்பையும் ஒன்றுசேர்க்கப் பாடுபட்டார்.

மெக்சிகோ பக்கம் பிரிந்துபோன செரோக்கிகளைத் தேடி 1842-ல் கிளம்பியவர், திரும்பவே இல்லை. 1843-ல் அங்கேயே இறந்தார். கல்லறை எங்கே என்று உறுதியாகத் தெரியாது.

அவர் உருவாக்கிய எழுத்து இன்று செல்போனிலும் இருக்கிறது. 1834-ல் நின்றுபோன 'செரோக்கி பீனிக்ஸ்', இப்போது அதே பெயரில் ஓக்லஹோமாவிலிருந்து வெளிவருகிறது.