வள்ளல் பச்சையப்பர்

ஆவடிக்கு வடக்கே உள்ளது பெரியபாளையம். பிறக்குமுன்னரே தந்தையை இழந்த பச்சையப்பர் தம் இளமையை அவ்வூரிற் கழித்தார். பின்னர்ச் சென்னையில் துபாஷித் தொழில் புரிந்து பெருஞ்செல்வம் ஈட்டினார். 1794-ஆம் ஆண்டு, நாற்பதாம் அகவையில், இறப்பதற்குச் சில நாள் முன்னர், தம் பொருளைக் கோயிற்பணிகளுக்கும் பிற அறங்களுக்கும் உரிமையாக்கி உயில் எழுதினார்.

ஆயினும், அவ்வறம் உடனே நடைபெறவில்லை. வழக்குகள் நீண்டன, ஆண்டுகள் பல கழிந்தன. இறுதியில் நீதிமன்றம் தலையிட்டு அப்பொருளை மீட்டது. திருப்பணிகளுக்கு வேண்டிய தொகையை ஒதுக்கியபின், எஞ்சியதைக் கல்விக்கு ஆக்கினர். அதனால் 1842-இல் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தோன்றியது. 1889-இல் அது கல்லூரியாக உயர்ந்தது.

கொடுத்தவர் ஒருவர், அக்கொடையைக் காத்தவர் பலர். மாணவர்களே! பொதுப்பொருளைக் காத்தலும் கொடுத்தலை ஒத்த அறமே என்று உணர்வீர்களாக.