வானலையில் மறைந்தொலித்த மதி: ஹெடி லமார்

வானலையிற் செய்தி விடுப்பது எளிது. பகைவன் செவியிற் படாது விடுப்பதே அரிது. அதற்கு வழிகண்டோருள் ஒருவர் திரைப்பட நடிகை என்றால் நம்மிற் பலர் வியப்புறுவர். அவ்வம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஹெட்விக் கீஸ்லர் என்னும் இயற்பெயருடைய இவர், 1914ஆம் ஆண்டு நவெம்பர் 9ஆந் திகதி வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1933இல் படைக்கல உற்பத்தியாளராகிய பிரிட்ஸ் மண்டலை மணந்தார். அவ்வில்லத்து விருந்துகளிற் படைக்கலங்களைப் பற்றிய பேச்சே மிகுதி. செல்வம் நிறைந்த அவ்வாழ்வு இவருக்குப் பொற்கூண்டாயிற்று. 1937இல் அதனினின்றும் தப்பி, அமெரிக்கா சேர்ந்து, ஹெடி லமார் என்னும் பெயரோடு ஹொலிவூட்டிற் புகழெய்தினார்.

1940 செப்டெம்பரில், சிறுவர்களை ஏற்றிச் சென்ற 'சிற்றி ஒவ் பெனாரஸ்' என்னும் கப்பலை ஜேர்மனிய நீர்மூழ்கி தாழ்த்தியது; வெளியேற்றப்பட்ட சிறுவருள் 77 பேர் மாண்டனர். அக்காலத்திலே லமார் அம்மையார், வானொலியால் வழிநடத்தப்பெறும் டோர்ப்பீடோக் கணையைப் பற்றிச் சிந்தித்தார். ஒரே மீடிறனிற் கட்டளை விடுத்தால் பகைவன் அதனைக் கண்டு, இரைச்சலெழுப்பிக் குழப்பிவிடுவான். விடுப்பதும் ஏற்பதும் ஒரே கணத்தில், ஒரே ஒழுங்கில், மீடிறனுக்கு மீடிறன் தாவுமாயின்? ஒழுங்கறியாப் பகைவனுக்குச் சிதறிய ஒலித்துணுக்குகளே கேட்கும்.

மீடிறன் மாற்றும் எண்ணம் முன்னரும் சிலருக்கு உதித்ததுண்டு. இரு முனைகளையும் பிசகாது ஒருங்கியக்கும் வகை காண்பதே இடர். இதற்குத் துணைநின்றார் இசைவாணர் ஜோர்ஜ் அந்தைல். தானியங்கிப் பியானோக்களுக்கு இசையமைத்த அவர், துளையிட்ட காகிதச் சுருளையே இங்கும் பயன்படுத்தினார். ஒத்த துளைகளையுடைய இரு சுருள்கள், ஒன்று கப்பலில், மற்றது கணையில். பியானோக் கட்டைகளின் தொகையைப் போல 88 மீடிறன்கள்! 1942 ஓகஸ்ற் 11இல் 2,292,387ஆம் இலக்கப் புத்தாக்க உரிமை வழங்கப்பெற்றது.

ஆயினும் கடற்படை அதனை ஏற்கவில்லை. அம்மையார் போர்க்கடன் பத்திரம் விற்று நிதி திரட்டும் பணியில் ஈடுபட்டார். அவர் முகம் வேண்டப்பட்டது, மதி வேண்டப்படவில்லை. 1959இல் உரிமைக் காலம் கழிந்தது. அந்தைலும் அவ்வாண்டே காலமானார். இருவரும் அதனால் ஒரு சதமும் பெற்றிலர்.

பின்னர் இலத்திரனியல் வளர, மீடிறன் தாவும் முறை படைத்துறைத் தொடர்பில் நிலைபெற்றது. நம் கைப்பேசியிலுள்ள புளூரூத்தும் செக்கனுக்கு 1600 முறை வரை தாவுகின்றது. இன்று பொறியியலாளர் இத்தகைய வலையமைப்புகளை ஆக்குமுன் கணினியிற் பாவனை செய்து, ஒற்றறிவார் செவிக்கு எட்டுமோ எனச் சோதிக்கின்றனர். அம்மையாருக்கு வாய்த்தவை காகிதமும் கற்பனையுமே.

1997இல் அமெரிக்க நிறுவனமொன்று முன்னோடி விருதளித்தது. 2000 ஜனவரி 19இல் அவர் மறைந்தார். 2014இல் புத்தாக்குநர் புகழ்மன்றத்தில் இருவர் பெயரும் இடம்பெற்றன.

மாணவ நண்பர்களே, வகுப்பிற் பின்வாங்கிலிருந்து ஒருவன் புதிதொன்று சொல்லின், சொன்னவன் யாரென நோக்காது சொல்லிய பொருளை நோக்குவோமாக. ஏளனத்தால் இழந்த காலம் மீளாது.