பெங்களூர்த் தொட்டியைக் கவிழ்த்த டாக்டர்

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நாலாபக்கமிருந்தும் வந்து படித்த நமக்குக் கொசுவை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கடி வாங்கிக்கொண்டே அரியருக்குப் படித்தவர்கள் நாம்! பழியை மட்டும் எப்போதும் பக்கிங்ஹாம் கால்வாய் மேல் போட்டுவிடுவோம். அது பாதிதான் சரி என்பது ரொனால்ட் ராஸின் கதையைப் படித்தால் தெரியும்.

ராஸ் 1857 மே 13-ல் இமயமலை அடிவார அல்மோராவில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பையனுக்குக் கவிதை, சங்கீதம், ஓவியம் என்றால் உயிர். அப்பாவோ பிடிவாதமாக லண்டனில் டாக்டருக்குப் படிக்க வைத்தார். (நம்ம வீட்டுக் கதை மாதிரியே இல்லை?) 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தபோது கிடைத்தது மதராஸ் பிரிவு. பிறகு மதராஸ், பர்மா, அந்தமான் என்று ஊர் ஊராக மாற்றல்.

1883-ல் பெங்களூரில் இருந்தபோது அவர் அறையில் கொசுத்தொல்லை தாங்கவில்லை. தேடிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிகின்றன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்துவிட்டது. மற்ற தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று மேலதிகாரியிடம் போய்க் கேட்டார். அது இயற்கைக்கு விரோதம் என்று அவர் மறுத்துவிட்டாராம்.

1894-ல் லண்டனில் பாட்ரிக் மேன்சன், ரத்தத்தில் மலேரியாக் கிருமியை அவருக்குக் காட்டி, கொசுவைச் சந்தேகிக்கச் சொன்னார். அடுத்த வருஷம் செகந்தராபாத்தில் வேலை தொடங்கியது. வேர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்தன. கொசு பறந்துவிடும் என்று பங்கா கூடப் போடவில்லை. ஆனால் இரண்டு வருஷமாக அவர் அறுத்துப் பார்த்ததெல்லாம் தப்பான கொசுக்கள். கடைசியில் சிறகில் புள்ளிகள் கொண்ட வேறொரு ஜாதி கிடைத்தது. உசேன்கான் என்ற நோயாளி, கடிக்க விட்ட கொசுவுக்குத் தலைக்கு ஒரு அணா வாங்கிக்கொண்டு உடம்பைக் கொடுத்தார். 1897 ஆகஸ்ட் 20-ல் அந்தக் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் கிருமி தென்பட்டது.

நம்ம ஏரியாவுக்கும் இதே பாடம்தான். கால்வாயிலும் சாக்கடையிலும் வளர்கிற க்யூலெக்ஸ் ராத்திரி முழுக்கக் கடிக்கும், யானைக்கால் நோயைக் கூடப் பரப்பும், மலேரியாவைப் பரப்பாது. சென்னையில் மலேரியாவைப் பரப்புகிற அனாபிலிஸ் ஸ்டீபன்சி நல்ல தண்ணீரைத் தேடும். வீட்டுக் கிணறு, மூடி சரியில்லாத மொட்டைமாடி டேங்க், கட்டட வேலைக்குக் கட்டிய தொட்டி, இவைதான் அதற்குப் பிறந்த வீடு.

கண்டுபிடித்த சில வாரங்களிலேயே ராஸை மலேரியா குறைந்த ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள்! 1898-ல் கல்கத்தாவில் முகமது பக்ஸ் என்ற உதவியாளருடன் பறவைகளை வைத்து ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேருவதைக் காட்டினார். 1902-ல் நோபல் பரிசு. இத்தாலியர் கிராசியோடு யார் முந்தி என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டதை மட்டும் நான் மெச்ச மாட்டேன்.

அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது அவர் போட்ட கணக்கு. எல்லாக் கொசுவையும் எப்படி ஒழிப்பது என்று கேலி செய்தவர்களுக்கு, ஒழிக்கவே வேண்டாம், ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் மலேரியா தானே அற்றுவிடும் என்று கணிதம் கொண்டே காட்டினார். ஆள் வைத்துத் தேங்கிய தண்ணீரைத் தேடி அழிக்கும் முறையை ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் முயன்றார், பலன் போதவில்லை. சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவில் 1902-ல் தொடங்கிய வேலையில் மலேரியா மளமளவென்று குறைந்தது.

1926-ல் லண்டனில் அவர் பெயரால் திறந்த ஆய்வு நிலையத்திலேயே, 1932 செப்டம்பர் 16-ல் ராஸ் காலமானார்.