மோட்டார் வண்டிக்கு மின்சாரம் அளித்த கெட்டரிங்

நமது நகரத்தின் வடகோடியிலே, கடலும் கழிமுகமும் அடுத்துள்ள எண்ணூரில், இரகுநந்தன் சரண் என்பார் 1948 ஆம் ஆண்டில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் என்னுந் தொழிற்சாலையார் ஆஸ்டின் ஏ40 கார்களை உறுப்புறுப்பாகப் பூட்டி விற்பனைக்கு அனுப்பினர். அத்தொழிற்சாலை 1955 இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிற்று. அந்த ஆஸ்டின் வண்டிகளுள் ஒன்று இன்று புதுப்பிப்பதற்காகப் பட்டறைக்கு வருமாயின், இயந்திரத்தைக் காட்டிலும் ஒயர்களே வேலைக்காரரை அதிகம் வருத்தும். பழைய ரப்பர் உறை தொட்ட மாத்திரத்தில் உதிரும். உப்புக்காற்றினால் எர்த் இணைப்புகளிற் களிம்பு ஏறியிருக்கும். டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டர் வைக்க விரும்புவோர் மற்றொன்றும் கவனித்தல் வேண்டும். அவ்வண்டியிற் பாட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த் செய்யப்பட்டிருக்கும். அதனை மாற்றாது பூட்டினால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் கணத்திற் கருகிப்போம். இத்தனை கம்பிகளும் ஒரு வண்டிக்குள் எவ்வாறு புகுந்தன என்று வினவுவார்க்கு, நாம் கூறக்கூடிய விடை பெரும்பாலும் ஒருவருடைய சரித்திரமேயாகும்.

சார்லஸ் கெட்டரிங் 1876 ஆகஸ்டு 29 இல், அமெரிக்காவின் ஒகையோ மாகாணத்தில், லௌடன்வில் என்னும் ஊரையடுத்த பண்ணையொன்றிற் பிறந்தார். சிலகாலம் பள்ளி உபாத்தியாயராயிருந்து, பின்பு அம்மாகாணத்துச் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். ஆயினும் கண்ணோய் அவரைப் படிக்கவொட்டாது தடுத்தது. படிப்பை நிறுத்தி, டெலிபோன் கம்பம் நடுவாரோடு குழிதோண்டச் சென்றார். நம் மாணவருட் சிலர் இதனை இழிவென எண்ணக்கூடும். அவரோ மின்சார வித்தையைக் கையாற் பழகியது அக்கம்பங்களின் அடியிலேதான். மீண்டும் கலாசாலை புகுந்து, 1904 இல், உடன் பயின்றோரினும் வயது மிக்கவராய்ப் பட்டம் பெற்றார்.

டேட்டன் நகரில், கடைக்காரர்க்குரிய காசுப்பெட்டி இயந்திரங்கள் செய்யும் நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. கையாற் சுழற்றும் அவ்வியந்திரத்தை மின்மோட்டாரால் இயக்கவேண்டும் என்பதே அவர்க்கிட்ட பணி. ஆங்கு அவர் கண்ட உண்மை மிகச் சிறிது. மோட்டார் அளவுக்கு மிஞ்சிய பாரத்தைத் தாங்காமைக்குக் காரணம் பெரும்பாலும் சூடு. சூடேறுவதற்கோ நேரம் வேண்டும். காசுப்பெட்டி ஒரு நொடி வேலை செய்து, அடுத்த வாடிக்கைக்காரர் வருமளவும் ஓய்ந்திருப்பது. ஆகவே சிறு மோட்டாரைக்கொண்டே பெருவேலை வாங்கலாம்.

அந்நாளில் மோட்டார் வண்டியின் முன்னே நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றியே இயந்திரத்தை எழுப்புவர். அது எதிர்த்துத் திரும்பினால் மணிக்கட்டு முறியும். காடிலாக் கம்பெனித் தலைவராகிய ஹென்றி லீலண்ட் இதற்கொரு மாற்று வேண்டினார். மின்மோட்டார் வைப்பதாயின் அது இயந்திரத்தளவு பெரிதாயிருக்கும் என்று கணக்கறிந்தோர் கைவிட்டனர். ஓயாது சுழலும் மோட்டாருக்கு அக்கணக்குச் சரியே. இயந்திரத்தை எழுப்பவோ சில நொடிகள் போதும் என்பதைக் கெட்டரிங் அறிந்திருந்தார்.

1909 இல் எட்வர்ட் டீட்ஸ் என்னும் நண்பரோடு டெல்கோ என்ற கம்பெனியை ஏற்படுத்தி, ஒரு கொட்டிலிற் கூட்டாளிகளோடு உழைத்து, 1911 பிப்ரவரியில் தம் கருவியைக் காடிலாக் வண்டியொன்றிற் பொருத்திக் காட்டினார். 1912 ஆம் ஆண்டு வண்டிகளில் அது இடம்பெற்றது. எழுப்புங்கால் 24 வோல்ட்டில் மோட்டாராகவும், ஓடுங்கால் 6 வோல்ட்டில் டைனமோவாகவும் ஒரே இயந்திரம் வேலை செய்தது.

நாம் வியப்பது செல்ஃப் மோட்டாரை மாத்திரமன்று. செல்ஃபுக்குப் பாட்டரி வேண்டும். பாட்டரி தீராதிருக்க டைனமோ வேண்டும். வேகத்துக்கேற்ப ஏறியிறங்கும் மின்னோட்டத்தை அடக்க ரெகுலேட்டர் வேண்டும். இவை வந்தபின் விளக்கும் தீப்பொறியும் அம்மின்சாரத்தையே நாடின. ஆஸ்டினிற் காணும் ஒயரிங் இம்முறையினின்று வேறன்று.

பின்னர் 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பகுதிக்கு அவரே தலைவர். அக்காலத்து மற்றொரு செயலை நாம் மறைத்தலாகாது. இயந்திரத்தில் எழும் தட்டொலியை நீக்கும் பொருட்டு, அவர்கீழ் உழைத்த தாமஸ் மிட்ஜ்லி 1921 இல் ஈயக் கூட்டுப்பொருளொன்றைப் பெட்ரோலிற் கலந்து வெற்றி கண்டார். சாராயமும் அக்குறையைத் தீர்க்கும் என்பது இருவரும் சோதித்தறிந்ததே. ஈயம் நஞ்சென்பதும் எவரும் அறிந்தது. 1924 இல் நியூ ஜெர்சியில் அதனைச் செய்த ஆலையிலே தொழிலாளர் ஐவர் பித்துப்பிடித்தாற்போலாகி மாண்டனர். அப்பொருளை விற்க அவ்வாண்டு ஏற்பட்ட கம்பெனிக்குத் தலைவர் கெட்டரிங்கே. கைப்பிடியால் மணிக்கட்டு முறிந்தவர்க்காக அத்துணை நுணுகி எண்ணியவர், புகையை உட்கொள்ளும் குழந்தைகளை எண்ணாமற் போனது நமக்கு விளங்கவில்லை.

1945 இல் நியூயார்க்கில் எழுந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரையும் ஸ்லோன் என்பார் பெயரையும் தாங்கிற்று. 1958 நவம்பர் 25 இல் டேட்டனில் அவர் காலமானார். ஈயங்கலந்த பெட்ரோல் நம் நாட்டு வண்டிகளில் 2000 ஆம் ஆண்டு வரையிற் புகைந்துகொண்டிருந்தது.