கணிதப் பேராசான் மகாவீராசாரியர்

திண்டிவனம் வட்டாரத்து நம் ஜைனக் குடும்பங்கள் பெரும்பாலும் நிலத்தை நம்பி வாழ்ந்தவை. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு, காணி என்பது 80-இல் ஒரு பங்கு, மா என்பது 20-இல் ஒரு பங்கு என்பதெல்லாம் நம் பாட்டனார்களுக்கு வாய்ப்பாடமாக இருந்தன. அவர்தம் பேரப்பிள்ளைகளோ 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னால் 2/7 என்று எழுதிவிட்டுத் திகைக்கின்றனர். பின்னக் கணக்கை முறைப்படுத்திக் கற்பித்த பேராசான் ஒருவர் நம் சமயத்தில் தோன்றியவர் என்பதை அப்பிள்ளைகளுக்கு நாம் சொல்லியதுண்டா?

இருபத்துநான்காம் தீர்த்தங்கரரின் திருப்பெயரையே தாங்கிய மகாவீராசாரியர் ஒன்பதாம் நூற்றாண்டினர். தம் ஊரையோ பெற்றோரையோ பற்றி அவர் எழுதி வைக்கவில்லை. 814 முதல் 878 வரை மானியகேடத்திலிருந்து ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனை நூல் முகப்பில் போற்றியிருப்பதால்தான் அவர் காலம் தெளிவாகிறது. ஜினசேனாசாரியரைக் குருவாகக் கொண்ட அம்மன்னனின் ஆட்சி, நம் அறத்திற்குப் பொற்காலம்.

ஆசாரியர் வடமொழியில் இயற்றிய நூல் கணிதசாரசங்கிரகம். அதற்கு முன் கணிதம் பெரும்பாலும் வானநூல்களுள் ஓர் அதிகாரமாகவே அடங்கியிருந்தது. இவரோ கணிதத்திற்கென்றே தனிநூல் செய்தார். அதன் ஒன்பது அதிகாரங்களில் இரண்டைப் பின்னங்களுக்கே ஒதுக்கினார். சுக்கு, மிளகு விலையும் ஜினபூசைக்குரிய பொருள்களும் அவர் கணக்குகளில் வருகின்றன. மாணவன் அறிந்த உலகிலிருந்தே கணக்கைத் தொடங்கிய நல்லாசிரியர் அவர்.

அவருடைய பெருந்தொண்டு எதுவென்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு நிலத்தில் அண்ணனுக்கு 5/12 பங்கு, தம்பிக்கு 7/18 பங்கு என்று கொள்வோம். யாருக்கு மிகுதி? பகுதிகளைப் பெருக்கினால் 216 வரும். 90/216, 84/216 என்று எண்கள் வீணே பெருகும். ஆசாரியர் காட்டிய வழி வேறு. 12, 18 இரண்டுக்கும் பொதுவான காரணி 6. அதனால் வகுக்க ஈவுகள் 2, 3. இம்மூன்றையும் பெருக்கினால் 36. பங்குகள் 15/36, 14/36 ஆகின்றன. அண்ணனுக்கு 1/36 மிகுதி என்பது பார்த்த அளவிலேயே விளங்கிவிடுகிறது. அந்த 36-ஐ அவர் நிருத்தம் என்றார். இன்றைய பள்ளிப்புத்தகம் மீச்சிறு பொது மடங்கு என்கிறது. பெயர் மாறியதே தவிர, முறை மாறவில்லை. பின்னத்தால் வகுக்க, அதனைத் தலைகீழாக்கிப் பெருக்குக என்ற விதியும் அவர் நூலில் உண்டு.

ஒன்று என்னும் எண்ணைத் தொகுதி ஒன்றேயான பின்னங்களாகப் பிரிப்பதற்கும் விதி தந்தார். அவ்விதிப்படி 1/2, 1/3, 1/9, 1/18 ஆகியவற்றைக் கூட்டினால் ஒன்று வரும். பிள்ளைகள் தாமே சரிபார்க்கட்டும்.

அவர் எழுதியதெல்லாம் பிழையற்றது என்று நாம் கூறமாட்டோம். ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்றது அவர் பிழை. ஆயினும் குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லையெனத் தெளிந்துரைத்த கூர்மதியும் அவருடையதே.

பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். பின்னர் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளில் உறங்கிய மூலத்தை, கிரந்த, கன்னட எழுத்துச் சுவடிகளைக் கொண்டு ஆராய்ந்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தவர் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார். சென்னை அரசாங்கம் 1912-இல் அதனை வெளியிட்டது.