பாம்பன் பாலமும் ஷெர்சர் என்னும் பொறியியலாரும்

ஷெர்சர் என்ற சொல்லைக் கேளாத பிள்ளை நம் தீவில் இல்லை. கப்பல் வரும்போது பழைய ரயில் பாலத்தின் நடுவில் இரண்டாகப் பிரிந்து எழுந்து நின்ற பகுதிக்கு ஷெர்சர் தூக்குப்பாலம் என்று பெயர். அது ஏதோ இயந்திரத்தின் பெயர் என்றே அக்காள்மடத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் வெகுநாள் எண்ணியிருந்தோம். அது ஒரு மனிதரின் பெயர். 35 வயதிலேயே மறைந்துபோனவரின் பெயர்.

வில்லியம் டொனால்டு ஷெர்சர் 1858-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெரு என்னும் ஊரில் பிறந்தார். (பூகோளப் பாடத்தில் வரும் பெரு நாடு வேறு!) சுவிட்சர்லாந்திலுள்ள ஜூரிச் நகரில் பொறியியல் பயின்று 1880-இல் தேறினார். பிறகு தாய்நாட்டில் பாலம் கட்டும் பணியில் ஈடுபட்டார்.

சிகாகோ ஆற்றின் மேல் நகர ரயிலுக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது. கப்பலுக்கும் அது வழிவிட வேண்டும். பக்கவாட்டில் சுழன்று திறக்கும் பாலமே அக்காலத்து வழக்கம். ஆனால் அவ்விடத்தில் இருபுறமும் வேறு பாலங்கள் நெருக்கி நின்றபடியால் சுழல இடமில்லை. ஷெர்சர் பாலத்தையே உருளச் செய்தார். பாலக் கையின் அடிப்பகுதியைச் சக்கரத்தின் ஒரு துண்டைப் போல வளைத்து, பின்புறம் எதிர் எடை வைத்தார். கை பின்னோக்கி உருளும்போது அதன் நுனி வானை நோக்கி எழும்.

இத்தனை கனம் எப்படி எழுகிறது? எங்கள் ஆசிரியை தனித்த பொருளின் விசைப்படம் வரையச் சொன்னபோதுதான் விளங்கிற்று. பாலக் கையை மட்டும் தனியே வரைய வேண்டும். அதன்மேல் செயல்படும் விசைகளுக்கு மட்டுமே அம்புக்குறி இட வேண்டும். நாங்கள் முதலில் தூணை அழுத்தும் விசையையும் சேர்த்து வரைந்துவிட்டோம். அது தூணின் மேல் செயல்படுவது. தூணின் படத்திற்கு உரியது. அதை அழித்தபின் மிஞ்சியவை இரண்டே அம்புகள். கையும் எதிர் எடையும் சேர்ந்த மொத்த எடை ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி. உருளும் தடம் தரும் எதிர்விசை மேல்நோக்கி. எதிர் எடையைச் சரியாக அமைத்தால் ஈர்ப்பு மையம் வளைவின் வட்ட மையத்திலேயே வந்து அமரும். தரையில் உருளும் பந்தின் மையம் உயர்வதுமில்லை, தாழ்வதுமில்லை அல்லவா? அதுபோலவே இதுவும். ஆகவே உராய்வையும் காற்றையும் வென்றால் போதும். பாம்பனில் 415 டன் எடையுள்ள ஒவ்வொரு கையையும் தொழிலாளர்கள் கையாலேயே திறந்தது இதனால்தான்.

தம் பாலம் எழுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1893 ஜூலையில் இறந்தார். காப்புரிமை டிசம்பரில்தான் கிடைத்தது. தம்பி ஆல்பர்ட் பணியைத் தொடர்ந்தார். 1895-இல் சிகாகோ பாலம் முடிந்தது. 1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது.

1964 டிசம்பர் புயல் இரவைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பாட்டிமாரின் குரல் இன்றும் தாழும். தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டது. பாலத்தின் உத்தரங்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. ஷெர்சர் பகுதி மட்டும் நின்றது. 46 நாட்களில் பாலம் மீண்டும் சீர்செய்யப்பட்டது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 முதல் செங்குத்தாக உயரும் புதிய பாலம் பயன்பாட்டிற்கு வந்தது.

அந்தப் புயல் இரவுக்கும் ஒரு படம் வரைந்து பார்த்தோம். எடையும் எதிர்விசையும் முன்போலவே இருந்தன. காற்றுக்கும் அலைக்கும் அம்பு எவ்வளவு நீளம் இடுவது என்பதில்தான் எங்கள் பென்சில் நின்றுவிட்டது.